செருப்பு தைத்த சம்பந்தி

இந்த வாரம் கொஞ்சம் சிரிப்பாக எழுதுங்கள் என்று ஆசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். யுத்த காலம், வாசகர்கள் பாவம், அரிசிக்கும் கிரசினுக்கும் கியூவில் நின்று களைத்துப் போயிருக்கிறார்கள் என்றார். நியாயம்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லையே, என்ன செய்ய? போன வியாழக்கிழமையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எனக்குக் காபி கொண்டுவந்து வைக்கக்கூடப் பயப்படுகிறார்கள்.

வியாழக்கிழமை கடத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். பந்தி பாதியில் இருந்தது. இலையில் சோறு, சோற்றில் கை... அப்படியே மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள்.

பெண்ணுக்கு ஏதாவது குறையா? இல்லை. ஜாதகம் பொருந்தவில்லையா? பத்துப் பொருத்தமும் இருந்தது. சீர்வரிசையில் தகராறா? அதுவும் இல்லை. பின்னே?

பெண்ணின் அப்பா செருப்பு தைப்பார். அதுதான் குற்றம்!

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். கொஞ்ச நாளைக்கு முன்னால் நம் தாலுகாவின் பொழுதுபோக்குக் கைவேலைக்காரர்களைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். பிள்ளையார் கோயிலில் சிதறிய தேங்காய் ஓட்டில் ஒரு வாத்தின் முதுகைக் கண்டுபிடித்த போஸ்ட் மாஸ்டர் — இன்றைக்கு அவர் வீட்டு அலமாரி முழுக்க ஓட்டு வாத்துகள். நோயாளிகள் வராத ஒரு மழை நாளில், தையல் போடும் ஊசியாலேயே தலையணை உறையில் ரோஜாப்பூ போட ஆரம்பித்த கம்பவுண்டர். படித்துவிட்டு எல்லோரும் "ஆகா" என்றீர்கள். கம்பவுண்டரைத் தேடிப்போய்க் கைகுலுக்கியவர்கள்கூட உண்டு.

அந்தக் கட்டுரையில் மூன்றாவதாக ஒருவர் வந்திருக்க வேண்டும். அவர்தான் வேண்டாம் என்றார். "பொண்ணு கல்யாணம் முடியட்டும்ப்பா. அப்புறம் நீ என்னா வேணா எழுதிக்க."

போன வெள்ளிக்கிழமை அவரே சொன்னார், "இப்ப எழுதுப்பா. பேரு போட்டே எழுது" என்று. எழுதுகிறேன். பெயர் மாதையன்.

மாதையன் என் பள்ளித் தோழன். நான் படிப்பைத் தொடர்ந்து தருமபுரிக்கு வந்து பேனா பிடித்தேன், அவன் ஏர் பிடித்தான். கிணற்றுப் பாசனம், கொஞ்சம் கேழ்வரகு, கொஞ்சம் மஞ்சள், ஒரே பெண் சென்னம்மா. தோல் வேலைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? கவலைதான். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்போமே, அந்தக் கவலை. அதில் தண்ணீர் மொள்ளும் சாலின் அடியில் நீளமாக ஒரு தோல் வால் தொங்கும், அது வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும்.

நாலைந்து கோடைக்கு முன்னால் அந்தத் தோல் கிழிந்துவிட்டது. நல்ல வெயில். மஞ்சள் தலை சாய ஆரம்பித்துவிட்டது. வழக்கமாகத் தோல் தைத்துக் கொடுக்கும் கோவிந்தன் மலேரியாவில் படுத்திருந்தார். மாதையன் பார்த்தான். கோணி ஊசியை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டான்.

முதல் தையல் பிய்ந்துகொண்டு போயிற்று. காய்ந்த தோலில் குத்தினால் பிய்யாமல் என்ன செய்யும்? பிறகு ஊறவைத்துத் தைத்தான், நின்றது. மறுநாள் தண்ணீர் ஏறியது, மஞ்சள் பிழைத்தது. அதோடு ஊசியை எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டியவன்தான்.

"ஏம்ப்பா, மம்பட்டி புடிக்கற கைக்கு என்னா தெரியும்னு நெனச்சிருந்தேன். ஊறுன தோலு கையில மடங்கி வந்துச்சு பாரு... அதுக்கப்புறம் சும்மா இருக்க முடியலப்பா" என்று என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மிச்சத் தோலில் பெண்டாட்டி முனியம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு தைத்தான். அவளுக்குப் பித்தவெடிப்பு. தைத்து முடித்துப் பார்த்தால் இரண்டுமே இடது கால்! அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கட்டும், வலது காலு பழகிக்கும்" என்று போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டாள். இப்படி ஒரு மனைவி அமைந்தால் எவன்தான் கலைஞன் ஆகமாட்டான்?

அப்புறம்தான் கோவிந்தனிடம் போய்த் தோலில் துளை போடும் குத்தூசி கேட்டான். கோவிந்தனுக்கு இது பரம்பரைத் தொழில், வீடும் ஊருக்கு வெளியேதான். "வேணாங்க சாமி. நீங்க இதத் தொட்டா பேச்சு ஒங்களுக்கு, அடி எனக்கு" என்றாராம். மாதையன் விடவில்லை. கடைசியில் பழைய குத்தூசி ஒன்றைக் கொடுத்து, "யாரு குடுத்தான்னு கேட்டா எம் பேரச் சொல்லாதீங்க" என்று அனுப்பியிருக்கிறார்.

யுத்தத்தில் தோலெல்லாம் பட்டாளத்து பூட்ஸுக்குப் போய்விட்டது. கடையில் செருப்பு கிடைக்கவில்லை. மாதையன் பழைய கவலைத் தோல்களை வாங்கி ஊறவைத்து, வேலை முடிந்த சாயங்காலங்களில் கொல்லையில் உட்கார்ந்து தைத்தான். வாத்தியாருக்கு ஒரு ஜோடி, தபால்காரருக்கு ஒரு ஜோடி, ஊர்ப் பெரியவருக்கு ஒரு ஜோடி. எனக்கும் ஒன்று. காசு கொடுத்தால் வாங்க மாட்டான், கோபித்துக்கொள்வான்.

யார் தைத்தது என்று வெளியூர்க்காரர் கேட்டால் ஊரே ஒரே குரலில், "நம்ம கோவிந்தன்" என்று சொல்லும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கும் தெரியாது! அப்படி ஒரு ஒப்பந்தம்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருவர் வந்திருந்தார். பெரிய மீசை, பெரிய குரல். ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போனார். தட்டு மாற்ற இன்னும் நேரம் இருந்ததால் முதலில் சாப்பாடு போட்டார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த மாதையனைக் காணவில்லை. நான் கவனித்தேன், பெரிதாக நினைக்கவில்லை. அவன் எங்கே போயிருந்தான் தெரியுமா? அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு! சம்பந்தி வீட்டு மனிதர் திரும்பிப் போகும்போது முள்ளில் நடக்கக்கூடாதே என்ற கவலை. அவ்வளவுதான் அவன் மூளை.

மீசைக்காரர் முதலில் சாப்பிட்டு முடித்துக் கைகழுவ வெளியே வந்தார். செருப்பில் காலை நுழைத்தார். வார் புத்தம்புதிதாக நின்றது.

"அட! யாருங்க இது? தையலு இவ்வளவு சுத்தமா இருக்குது! பக்கத்துலயே ஆளு வெச்சிருக்கீங்களா?"

பின்னாலேயே செம்பில் தண்ணீரோடு வந்த மாதையன் சிரித்த முகமாகச் சொன்னான்: "ஆளெல்லாம் இல்லீங்க. நாந்தாங்க தெச்சேன்."

ஊரே காத்த ஒப்பந்தம், அவன் வாயாலேயே போயிற்று. அவனுக்குப் பொய் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. மெச்சினார்கள், சொல்லிவிட்டான். தான் வரைந்த படத்தை மெச்சினால் எந்த மனுஷன் அது என்னுடையது இல்லை என்பான்?

மீசைக்காரர் முகம் கறுத்தது. உள்ளே போய் மாப்பிள்ளையின் அப்பா காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெரிய மனுஷன் கையை உதறினார்.

"செருப்பு தெக்கற கையாலதான் எங்களுக்குச் சோறு போட்டீங்களா? எந்திரிங்கடா எல்லாரும்!"

எழுந்தார்கள். மாப்பிள்ளைப் பையனும் எழுந்தான். மாதையன் செம்பைப் பிடித்தபடி நின்றான். முனியம்மா ஓடிவந்து, "ஐயா, இலையில கை வெச்சுட்டு எந்திரிக்காதீங்க, பொட்டப் புள்ள வாழணுங்க" என்று கெஞ்சினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. வாசலுக்கு ஓடி, "அப்படியானால் அந்தச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள் ஐயா!" என்று கத்தினேன். மீசைக்காரர் ஒரு விநாடி குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு செருப்போடேயே விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

தீட்டாம்! கவலைத் தோல் வழியே வந்த தண்ணீரைக் குடித்துத்தான் இவர்கள் வளர்ந்தார்கள். கோயிலில் சாமி புறப்பட்டால் முன்னால் கேட்பது தோலின் சத்தம்தான். கல்யாணத்தில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் என்று கத்துகிறார்களே, தவிலில் என்ன பட்டா போர்த்தியிருக்கிறது? காலில் போடலாம், காதில் கேட்கலாம், தண்ணீர் இறைத்துக் குடிக்கலாம். தைத்தால் மட்டும் கேவலம். தேங்காய் ஓட்டைச் சுரண்டினால் கலை, தலையணையில் பூப்போட்டால் கலை, தோலில் ஊசி ஏற்றினால் மட்டும் பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது! யாரய்யா இந்தச் சட்டத்தைப் போட்டது?

இதோடு முடிந்திருந்தால்கூட ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து ஆறியிருப்பேன். சாயங்காலம் ஊர்ப் பெரியவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாதையன் தைத்துக் கொடுத்த செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். சமாதானம் பேசினார். மாரியம்மன் கோயில் முன்னால் மாதையன் அந்தக் குத்தூசியை உடைத்துப் போட வேண்டும். இனிமேல் தோலைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் பெரியவரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசிக் கூட்டிவருவார்.

"அடுத்த வெள்ளிக்கெழமையே தட்டு மாத்திடலாம்ப்பா. என்னா சொல்ற?"

மாதையனுக்குக் கண் கலங்கிவிட்டது. கொல்லைப் பக்கம் ஒரு முறை பார்த்தான். "பொண்ணவிட இது பெருசாங்க? பண்ணிடறேன்" என்றான். போய்க் குத்தூசியை எடுத்துவந்தான்.

கதவோரம் சென்னம்மா நின்றிருந்தாள். மத்தியானம் கட்டிய பட்டுச் சேலைகூட இன்னும் மாற்றவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, நீ சத்தியம் பண்ணா அவங்க திரும்பி வருவாங்கல்ல?"

"வருவாங்கம்மா. பெரியவரு பேசறேங்கறாரு."

"அப்ப பண்ணாத."

சென்னம்மா கூடத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

"எங்கம்மா அப்படிக் கெஞ்சுச்சு. ஒருத்தராவது திரும்பிப் பாத்தாங்களா? அந்த வூட்டுல நான் எப்படிப்பா தெனமும் சோறு ஆக்கறது? நீ சத்தியம் பண்ணா நான் அங்க போயித்தான் ஆகணும். பண்ணாதப்பா."

முனியம்மா எழுந்து வந்தாள். மாதையன் கையிலிருந்த குத்தூசியைப் பிடுங்கினாள், கேழ்வரகு வைத்திருந்த குதிருக்குள் போட்டாள், அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பொட்டப்புள்ள பேச்சக் கேட்டு நடக்கற வூடு. நாளைக்கி வரன் வரலன்னு எங்கிட்ட வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். வரன் வருமா? எனக்குத் தெரியாது. மாதையனுக்கும் தெரியாது. அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நான் கோவிந்தன் வீட்டுக்குப் போனேன். யாரிடமாவது கொட்ட வேண்டும் போலிருந்தது. அவர் ஒரு தோலை விரித்துப்போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். "பார்த்தாயா கோவிந்தா அநியாயத்தை!" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தவில் வரைக்கும் சொன்னேன். அவரும் என்னோடு சேர்ந்து கொதிப்பார் என்று நினைத்தேன்.

அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"பந்தில பாதில எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னு சாமிக்கு இவ்வளவு கோவம். அந்தப் பந்தில நாங்க உக்காந்திருந்தமான்னு பாத்தீங்களா?"

பந்தியை மனசில் ஓட்டிப் பார்த்தேன். அவர்கள் யாரும் அதில் இல்லை.

"மாதையன் நல்லவருங்க. அந்தப் பொண்ணு அதவிட நல்லதுங்க. ஆனா அவருக்கு இது ஆசைங்க. வேணாம்னா விட்டுடலாம்ங்க. விடச் சொல்லி ஊரே வந்து கெஞ்சுது." கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். குரல் உயரவில்லை, ஆனால் கண் சிவந்திருந்தது. "அதே சத்தியத்த நான் பண்றேங்க. மாரியம்மன் கோயிலு முன்னால வந்தே பண்றேன், அங்க விட்டாங்கன்னா. தோலத் தொடமாட்டேன், நிலத்துல வேல குடுங்கன்னு கேக்கறேன். ஒத்துக்குவாங்களான்னு அந்தப் பெரியவரக் கேட்டுச் சொல்லுங்க சாமி."

கேட்டேன். பஸ் நிற்கும் இடத்துக்கு வரும் வழியில் பெரியவர் வீடு. நேராகப் போய்க் கேட்டேன். கோவிந்தனும் சத்தியம் பண்ணத் தயார், உங்களுக்குச் சம்மதமா என்றேன்.

பெரியவர் நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவருக்கே கோபம் வந்துவிட்டது. "அதெப்படிப்பா முடியும்? அவன் வுட்டுட்டான்னா ஊருக்கு யாரு செருப்பு தெக்கறது?"

மாதையன் இருக்கிறானே, கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினேன்.