நாகூரார் கொடியும் துரையின் பயமும்

செடெனாக் ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த கித்தாத் தோட்டத்தில் வெள்ளையம்மாவுக்கு வாயாடி என்று பெயர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் அவள் கைக்கு நல்ல வேகம். வாய்க்கு அதைவிட வேகம். விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போதுகூட ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. புருஷன் அய்யாவு நேர் எதிர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், அதையும் யோசித்துத்தான் சொல்வான். இருவருக்கும் எப்படிப் பொருத்தம் பார்த்தார்களோ!

அந்த வாயாடி மூன்று வருஷத்துக்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அது நோயினாலும் இல்லை, விரதத்தினாலும் இல்லை.

சீமையில் சண்டை மூண்டபோது, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் முழுகிய சேதியைக் கணக்கு எழுதும் கிராணி தங்கராஜு ஆபீஸ் வாசலில் நின்று படித்துச் சொன்னார். எல்லாரும் கைதட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். கப்பல்தான் முழுகியது, பயம் முழுகவில்லை. 1915 மாசியில் சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்தப் பயம் தண்டவாளம் ஏறித் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தது. தப்பி ஓடியவர்கள் ஜொகூர்க் காட்டுக்குள் புகுந்தார்கள் என்றார்கள். பிறகு பிடிபட்டார்கள் என்றார்கள். பிடிபட்டுவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றுதானே நாம் நினைப்போம்? அதற்குப் பிறகுதான் தோட்டத்து வாசலுக்குப் படல் போட்டுக் காவலும் வைத்தார்கள்.

வெளியே போக வேண்டுமானால் துரை கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். பொழுது சாய்ந்தபின் லயத்து வாசலில் கூடி உட்காரக் கூடாது. ஊரிலிருந்து வரும் கடிதாசியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தச் சிப்பாய்களுக்கும் இந்த ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் பேசிய பாஷைகூட இவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவனும் இந்தியன், இவனும் இந்தியன். துரைமாருக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னும் கேவலம் என்னவென்றால், லயத்திலேயே பாதிப் பேர் இதெல்லாம் நம் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர் ஆதம் பாய். நாகூர்க்காரர். துரை பங்களாவுக்கும் அவர் கடை ரொட்டிதான். வருஷா வருஷம் நாகூர் தர்காவில் கொடியேறுகிற அன்று, பிறை பார்த்ததும் தம் கடைக்குப் பின்னால் ஒரு மூங்கிலை நட்டு அவரும் கொடி ஏற்றுவார். சர்க்கரை வைத்துப் பாத்தியா ஓதுவார். தோட்டத்து ஜனம் பூவும் பத்தியுமாகத் திரண்டு போகும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்களில் நாகூர் ஆண்டவருக்கு வேண்டிக்கொள்ளாதவர் யார்? வெள்ளையம்மா வயிற்றுப் பிள்ளையோடு கப்பலேறியவள். புயலில் கப்பல் ஆடியபோது, பிள்ளையை உயிரோடு கரை சேர்த்தால் ஆயுசுக்கும் உன் கொடியைப் பார்த்துக் கும்பிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அந்தப் பிள்ளைதான் செல்லம்.

அந்த வருஷம் சித்திரை பிறந்த சமயத்தில் கொடியேற்றம் வந்தது. செல்லத்துக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். வெள்ளையம்மா சீட்டுக் கேட்டாள், கிடைக்கவில்லை. ரொட்டி கொண்டுவந்த ஆதம் பாயைப் படலுக்கு இந்தப் பக்கம் நின்றபடி பிடித்துக்கொண்டாள்.

“பாய், கிராணி நாய வெரட்டுற மாதிரி வெரட்டிட்டாரு. கொடிக்கு எப்படி வருவேன்?”

“வராட்டி என்னம்மா? நாகூர் எஜமான் கோவிச்சுக்க மாட்டாங்க. மனசுல நெனைச்சுக்க.”

“மனசுல நெனைச்சா பத்தாது பாய். கண்ணால பாத்துக் கும்பிடுறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். புள்ளைக்கு வேற காய்ச்சல் எறங்க மாட்டேங்குது. லயத்துக்குப் பின்னால மேட்டுல நின்னா உங்க கடப்பக்கம் தெரியும், மரந்தான் மறைக்குது. ஒசத்திக் கட்டுங்களேன். ஒரு விளக்கையும் மாட்டுனா இருட்டுல தெரியும்.”

“நீ ஒருத்திதான் கேக்குறியா?”

“லயமே ஏங்கிக்கிட்டுக் கெடக்கு பாய்.”

அவர் தாடியைத் தடவியபடி கொஞ்சம் யோசித்தார். “சரிலா, கட்டிருவோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருவருக்கும் இதில் ஆபத்து எதுவும் தோன்றவில்லை. ஒளித்துச் செய்தால்தானே சந்தேகம்? ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி உயரத்தில் ஏற்றினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? கள்ளம் இல்லாதவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள், பாவம்.

பிறை தெரிந்த அன்று ஆதம் பாய் இரண்டு பெரிய மூங்கில்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி நிறுத்தினார். உச்சியில் பச்சைக் கொடி, அதன் கீழ் ஓர் அரிக்கேன் விளக்கு. மேட்டில் செல்லத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற வெள்ளையம்மா, மரங்களுக்கு மேலே அது தெரிந்ததும், பிள்ளையின் கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. கொடித்துணி விளக்கை மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது.

தண்டவாளத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தொண்டர் படைக்கும் அது தெரிந்தது. விளக்கு அணைகிறது, எரிகிறது, மறுபடி அணைகிறது! அதோடு பச்சைக் கொடி வேறு, துருக்கியோடும் சண்டை நடக்கிற நேரத்தில். எதிரிக்குச் சைகை காட்டுகிறார்கள் என்று முடிவு கட்ட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை ஆதம் பாயைக் கையைக் கட்டித் தோட்டத்து ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். விளக்கு யாருக்காக ஏற்றப்பட்டது என்று தெரிய வேண்டுமாம். ஜனத்தை எல்லாம் பெரட்டுக்கு நிறுத்தினார்கள். ஜொகூர் பாருவிலிருந்து வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் துரை. மொழிபெயர்க்கத் தங்கராஜு.

“யாருக்கு விளக்குக் காட்டினாய்?”

“யாருக்கும் இல்லீங்க. நாகூர் எஜமான் கொடிங்க.”

“உன் எஜமான் எங்கே இருக்கிறார்?”

“நாகூர்லதாங்க. அடங்கி முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். அதிகாரி சிரிக்கவில்லை.

“நாகூர் கடற்கரையிலா இருக்கிறது? கப்பல்கள் வருமா?”

“பக்கத்துல நாகப்பட்டினத்துக்கு வரும்ங்க. எல்லாரு கப்பலும் வரும்.”

“போன வருஷம் இவ்வளவு உயரம் இல்லை, விளக்கும் இல்லை என்கிறார்கள். இந்த வருஷம் ஏன்?”

அதுவரை கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன ஆதம் பாய் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளையம்மாவுக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் உடனே புரிந்தது. அய்யாவு அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். “பேசாம நில்லு. புள்ளய நெனைச்சுப் பாரு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவள் கையை உதறிக்கொண்டு முன்னால் போனாள்.

“நாந்தாங்க சொன்னேன்! ஒசத்திக் கட்டுங்க, விளக்கு மாட்டுங்கன்னு நாந்தான் கேட்டேன். நாங்க இங்கேர்ந்து பாக்குறதுக்குத்தான். அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்ல.”

உண்மையைச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். தங்கராஜு மொழிபெயர்த்ததும் அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒருவித திருப்திதான் இருந்தது. “அப்படியென்றால் தோட்டத்துக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். இவளோடு சேர்ந்து பார்த்தவர்கள் யார் யார்?”

மேட்டில் நின்று கும்பிட்டவர்கள் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வெள்ளையம்மா வாயைத் திறந்தால் லயமே உள்ளே போகும். பொய் சொல்லவும் அவளுக்கு வரவில்லை.

அப்போது ஆதம் பாய் தலையை நிமிர்த்தினார். “இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாதுங்க. பேசினதும் இல்ல. விளக்கு என் யோசனைதான்.”

“எதற்காக?”

“அதச் சொல்ல மாட்டேன்.”

அவர்களுக்கு வேண்டியது அதுதான். அய்யாவு ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டான். “தொர, புள்ளைக்குக் காய்ச்சல், இது தூங்கவே இல்ல, புத்தி பேதலிச்சு ஒளறுது!” என்று கதறியபடி அவளை இழுத்துப் போனான். ஆதம் பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்தவர் என்று ஆகிவிடும் அல்லவா?

அவரை ரயிலில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்கள். வழக்கு என்று ஒன்று நடக்கவில்லை, தீர்ப்பும் இல்லை. யுத்த காலத்தில் அதெல்லாம் தேவையில்லை என்று கிராணி சொன்னார். செல்லத்துக்கு அந்த வாரமே காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எழுந்து விளையாடியதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட வெள்ளையம்மாவால் முடியவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் “இருக்கேன்” என்பாள், அவ்வளவுதான். அவள் வாய் திறந்தால் ஆதம் பாய் சொன்ன பொய் உடையும், பிறகு லயம் அகப்படும். அடுத்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு மேளம் கூடாது என்றார்கள். அதற்கும் யுத்தம்தான் காரணம் என்றார்கள். யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

1918 ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை பெரட்டுக் களத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். சண்டை முடிந்ததாம். துரை பெட்டிமேல் ஏறி நின்று பேசினார். தங்கராஜு தமிழில் சொன்னார்: “நம்ம ராஜாங்கம் ஜெயிச்சுட்டது. கொடுங்கோலன் ஒழிஞ்சான். இனி ஒலகத்துல எல்லாருக்கும் விடுதலை!” ஜனம் கைதட்டியது. வாசலில் காவல்காரன் படலைப் பிடித்தபடியே கைதட்டினான்.

வெள்ளையம்மா மிட்டாயை வாங்கவில்லை. “அப்ப ஆதம் பாய எப்ப விடுவீங்க?” என்று கேட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. கைதட்டல் நின்றுபோனது. என்ன கேட்கிறாள் என்று துரை விசாரித்தார். தங்கராஜு நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஏதோ இங்கிலீஷில் சொன்னார். துரை சிரித்தபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். நன்றி சொல்கிறாள் என்று கிராணி சொல்லியிருப்பார் போலும்.

வெள்ளையம்மா கிராணியைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்கு எதிரே நின்றாள். துரைக்கு மலாய் நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரிந்த மலாயும் அதற்குப் போதும்.

“துவான், பிலா ஆதம் பாலிக்?” ஆதம் எப்போது திரும்பி வருவார்?

துரையின் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. புருவத்தைச் சுருக்கி யோசித்தார். துரை மறைக்கிறார், மழுப்புகிறார் என்றால் அவள் சண்டை பிடித்திருப்பாள். அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

“சியாப்பா ஆதம்?” என்றார். எந்த ஆதம்?

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தார்.