அப்பாவின் அக்ரிமென்ட்டை நான் படிக்கவில்லை

"தாராவியா? அங்க ஒரு வீட்ல தும்மினா நாலாவது வீட்லேர்ந்து தீர்க்காயுசுன்னு குரல் வருமே! நீ எப்படிம்மா ஆபீஸ் ரகசியத்தைக் காப்பாத்துவே?"

பயிற்சி வக்கீலாகச் சேரப் போய் நின்ற முதல் நாள், எங்கள் ஆபீஸ் மேனேஜர் வெங்கட்ராமன் சார் கேட்டது இது. மாட்டுங்காக்காரர். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

"தும்முறதுதான் சார் கேக்கும். மனசுல இருக்கிறது கேக்காது" என்றேன். சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது.

அந்தப் பதிலில் எனக்கு ரொம்ப நாள் ஒரு கர்வம் இருந்தது... குர்லா ஷெட் விவகாரம் வரும் வரை. அந்த விற்பனை போன வாரம் செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. இனி எழுதலாம். இந்தப் பத்தியைக் கூட ஆபீஸில் அர்த்தம் சொல்லிக் காட்டி, சரி என்ற பிறகுதான் அனுப்புகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஃபோர்ட் பகுதியில், ஒரு பழைய சாலிசிட்டர் நிறுவனத்தில். கோர்ட்டில் கையை நீட்டி வாதாடுகிற வேலை இல்லை. கம்பெனிகள் சேர, பிரிய, வாங்க, விற்க – பத்திரம் தயார் செய்கிற வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி வியாபாரிகளுக்கு எழுத ஆரம்பித்தவர்கள். பிறகு மில் தொடங்க எழுதினார்கள். மில்லை மூடவும் எழுதினார்கள். மில் நிலத்தில் டவர் எழும்பியபோது? அதற்கும் இவர்களேதான்!

இத்தனை தலைமுறை எப்படி நிலைத்தார்கள்? திங்கட்கிழமை வழக்கம்தான் காரணம் என்பார்கள். திங்கள் காலை எல்லோரும் பெரிய அறையில் கூட வேண்டும். மூத்த பார்ட்னர் ரூபி மேடம், புதிதாக வரும் வேலைகளை வாய்விட்டு வாசிப்பார். யார் வாங்குகிறார், யார் விற்கிறார், எந்தச் சொத்து. நமக்கோ குடும்பத்துக்கோ அதில் சம்பந்தம் இருந்தால் எழுந்து நிற்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் இருக்கிறது. ஆனாலும் வாசிப்பு நிற்கவில்லை. "கம்ப்யூட்டருக்கு மச்சினன் உறவு தெரியுமோ?" என்பார் வெங்கட்ராமன் சார்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பெரிய டீல். முதல் முறையாக டீமில் என் பெயரும் இருந்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மேடம் வாசித்தார். கடைசியில் சொத்தின் விவரம் – குர்லா ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய தொழிற்கூட ஷெட். வாங்கியதும் இடித்துக் கட்டப்போகிறார்கள்.

அந்த ஷெட்டை எனக்குத் தெரியும்.

அப்பா தாராவியில் பெல்ட்டுக்கு பக்கிள் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறார். இடம் போதவில்லை. அந்த ஷெட்டில்தான் ஓர் அறையை, அங்கே வாடகை வசூலிக்கும் பாயிடம் பேசி வைத்திருந்தார். மறுநாள் காலை டெபாசிட் கொடுக்க வேண்டும். வாழ்நாள் சேமிப்பு முழுக்க அதில்தான்.

உட்கார்ந்தே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? எழுந்து நின்றேன். சொன்னேன்.

மேடம் அங்கேயே என் பெயரை அடித்தார். பிறகு தனியாகக் கூப்பிட்டார். "வீட்டில் ஒரு வார்த்தை கூடாது. புரிகிறதா?"

புரிந்தது. நல்லாவே புரிந்தது.

வீட்டுக்குப் போனால் அப்பா குளித்து, சட்டை மாற்றி, என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். கையில் அக்ரிமென்ட்.

"ஏட்டி வக்கீலு, வா. இதப் பாத்துச் சொல்லு. காலையில குடுத்துருதேன்னு பாய்கிட்ட சொல்லியாச்சு."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மூன்றாம் வகுப்பிலிருந்தே ரேஷன் கார்டு முதல் கேஸ் பில் வரை நான் படித்துச் சொன்ன பிறகுதான் யாரும் கை வைப்பார்கள். அது என் உரிமை. என் சிம்மாசனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு முடியாதுப்பா. வேற யார்கிட்டயாவது காட்டுங்க."

"ஏன், என்னத்துக்கு?"

நான் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டேன்.

"அவளுக்கு அலுப்பா இருக்கும். விடுங்க" என்றாள் அம்மா.

"அலுப்பா? பால் பாக்கெட்ல என்ன எழுதிருக்குன்னு படிக்காம அடுப்புல வைக்க மாட்டாளே இவ!"

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால் அப்பாவின் பணம் போகும். அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்ரிமென்ட்டை மடித்து டிவிக்குப் பின்னால் வைத்தார்.

காலையில் போனில் அவர் குரல். "நஹி பாய்... அபி நஹி. பாத் மே தேக்தே." இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. பாத்துக்கோ."

பணம் பிழைத்தது. ஆனால் நான் ரகசியத்தைக் காப்பாற்றினேனா, போட்டு உடைத்தேனா? ஒரு வார்த்தை சொல்லவில்லை... அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதே!

ட்ரெயினில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். நேராக ரூபி மேடம் அறைக்குப் போனேன். வெங்கட்ராமன் சாரும் இருந்தார்.

"ஏதாவது சொன்னாயா?" என்றார் மேடம்.

"இல்லை. நான் எப்போதும் படித்துச் சொல்வேன். நேற்று படிக்கவில்லை. அதில் அப்பா புரிந்துகொண்டார்."

மேடம் பேனாவை மூடினார். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மற்ற பார்ட்னர்களைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே பார்ட்னர்கள் பேசுகிற சத்தம் மட்டும். என் மேஜையில் என்னுடையது என்று ஒரு டிபன் பாக்ஸும் ஒரு குடையும்தான். எடுத்துக்கொண்டு கிளம்ப ரொம்ப நேரம் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

வெங்கட்ராமன் சார் முதலில் வெளியே வந்தார். "ஏம்மா... யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. நீயா வந்து சொல்லணுமா?"

"முதல் நாள் நீங்க ஒரு கேள்வி கேட்டீங்களே சார். அதுக்கு இப்பத்தான் சரியா பதில் சொல்றேன்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

வேலை போகவில்லை. நடந்ததை வாடிக்கையாளரிடம் மேடமே சொன்னார்; அவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மேடம் என்னிடம் ஒன்று கேட்டார். "நாளைக்கு உன் அப்பா இன்னொரு காகிதத்தை நீட்டுவார். அப்போது?"

நானும் யோசித்துப் பார்த்தேன். ரகசியம் வாய் வழியாக மட்டுமா போகிறது? தினமும் செய்கிற ஒன்றை ஒரு நாள் செய்யாமல் விட்டால் போதும், வீட்டில் இருப்பவர்களுக்கு விளங்கிவிடுகிறது. ஒன்று எல்லாவற்றையும் படிக்க வேண்டும். இல்லை, எதையுமே படிக்கக் கூடாது. எங்கள் தொழிலில் முதலாவது நடக்காது.

இனி எந்தக் காகிதமும் படிக்க மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம். "படிக்க வச்சதே இதுக்குத்தானட்டி!" அவள் கேட்டது நியாயம்தான். எனக்கும் வலித்தது.

என்னோடு சட்டம் படித்த மீனா செம்பூரில் தனியாகப் பிராக்டிஸ் செய்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காகிதம் எல்லாம் அவளிடம்தான். நேற்றுகூட அப்பாவை அனுப்பி வைத்தேன் – கையில் இந்த மாத கேஸ் பில்லோடு!