வரப்பு நாயுருவி

என் வீட்டுக்காரர் தன் கைலியைத் தானே துவைக்க ஆரம்பித்தபோது, நான் தெருக்குழாயில் நின்று பெருமையடித்துக்கொண்டேன். "எங்க வீட்டு ஆளு மாதிரி வருமா? கட்டுன கைலிய அலசிக் காயப்போட்டுட்டுத்தான் சோத்துலயே கை வைப்பாரு" என்று. கேட்ட பெண்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். அவர் ஓட்டுவது குட்டியானை வண்டி. சந்தை நாளில் கமுதிக்கு மிளகாய் மூட்டை ஏற்றுவார். மற்ற நாட்களில் ஏர்வாடிப் பக்கம் கடற்கரைக்குப் போய் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றி வருவார். "மீன் தண்ணி பட்ருச்சு, கவிச்சி அடிக்கும், நீ தொடாத" என்பார். நானும் நம்பினேன். இருபது வருடமாக மீன் அலசுகிற எனக்கு மீன் தண்ணியின் நிறம் தெரியாமல் போய்விட்டதே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். என்னவென்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பத்து நாளா வெளிக்கிப் போகையில லேசா ரத்தம் வருது. மூலச் சூடுதான். நாள் பூராம் வண்டி இஞ்சின் மேலயே உக்காந்திருக்கம்ல."

எனக்குப் பகீரென்றது. "கெளம்புங்க மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றேன்.

"அங்கன ஒரு பொம்பளப் புள்ளையில்ல டாக்டரா இருக்கு? அதுகிட்டப் போயி நான் என்னத்தக் காட்ட? பேசாம இரு."

அவரிடம் அதற்கு வைத்தியம் தயாராக இருந்தது. செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டினார். நாயுருவி வேர். அவருடைய அய்யாவும் அந்தக் காலத்தில் அதைத்தான் கொடுப்பாராம். நாயுருவியை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்தால் வரப்பெல்லாம் அதுதான். ஈர்க்குச்சி போல நீண்டு நிற்கிற கதிரில் விதைகள் தலைகீழாகத் தொங்கும். அந்தப் பக்கம் போனாலே சேலைக் கரையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அதன் வேரைக் கடித்துப் பார்த்தால் வாழைப்பூவைப் பச்சையாகத் தின்ற மாதிரி துவர்த்து, நாக்கை உள்ளே இழுக்கும். அந்தத் துவர்ப்புதான் ரத்தத்தைச் சுண்ட வைக்கும் என்று அவர் நம்பினார். பயத்தில் இருந்த எனக்கும் நம்பினால் நல்லது என்று தோன்றியது.

வேர் எடுப்பதற்கு அவருடைய அய்யா வழியில் வந்த சட்டதிட்டம் ஒன்று இருந்தது. யாருக்கு மருந்தோ அவர் கை படக்கூடாது. முதல் நாளே போய்ச் செடிக்கு மஞ்சள் நூல் காப்புக் கட்டி, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். மறுநாள் வெயில் ஏறும் முன்னால் எடுத்துவிட வேண்டும். வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து வேரோடு திரும்பி வரும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பேசினால் வேரின் சத்து மண்ணுக்கே இறங்கிவிடும்.

"ஒன்னால முடியுமாடி?" என்று சிரித்தார். வாய் ஓயாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். "உங்க உசுருக்காக ஒரு காலை நேரம் வாயக் கட்ட முடியாதா எனக்கு?" என்றேன்.

எங்கள் மிளகாய்க் கொல்லைக்கும் பக்கத்துப் பருத்திக் கொல்லைக்கும் நடுவில் ஒரே வரப்புதான். பருத்திக்காரர் எனக்கு அண்ணன் முறை. போன வருடம் எங்கள் ஆடு அவருடைய பருத்தியில் வாய் வைத்ததில் ஏற்பட்ட சண்டைக்குப் பிறகு பேச்சு வார்த்தை அவ்வளவாக இல்லை. நான் ஒரு நாள் மத்தியானம் போய் அந்த வரப்பில் தளதளவென்று நின்ற இரண்டு செடிகளுக்கு நூல் கட்டினேன். மறுநாள் விடிந்ததும் போய் அதில் ஒன்றைத் தோண்டினேன். மழை ஈரத்தில் வேர் முழுசாக வந்தது. மருந்து வாடை மாதிரி என்னவோ அடித்தது. பருத்திக்கு எப்போதும் மருந்துதானே அடிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

வேரை மடியில் கட்டிக்கொண்டு நடக்கும்போது தூரத்திலிருந்து அந்த அண்ணன் கூப்பிட்டார். "தங்கச்சி! ஏ தங்கச்சி!" அதற்கு மேல் அவர் கத்தியதெல்லாம் காற்றோடு போய்விட்டது. ஒரு வருடமாக முகம் கொடுக்காத மனுஷன், இன்றைக்குப் பார்த்தா ராசியாகக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். கழுத்து திரும்பத் துடித்தது. திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்றவரிடம் வேரைக் காட்டியபோது பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

நாலு நாள் காலையும் மாலையும் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். மூன்றாம் நாள் "கொறஞ்ச மாதிரி தெரியுதுத்தா" என்றார். அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன்.

ஐந்தாம் நாள் வேர் தீர்ந்துவிட்டது. அவர் கடற்கரைக்கு வண்டி எடுத்துப் போனதும், நூல் கட்டி வைத்திருந்த இரண்டாவது செடியை எடுக்கக் கிளம்பினேன். கொல்லை முனையில் கால் வைத்தவுடனேயே நின்றுவிட்டேன். வரப்பு முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. கோரை, அருகு, குப்பைமேனி எல்லாம் தலை தொங்கி, வெந்நீர் ஊற்றின மாதிரி வதங்கிக் கிடந்தன. என் நாயுருவியும் அப்படியே நின்றது. அதில் கட்டியிருந்த நூல் எது, தண்டு எது என்று தெரியவில்லை.

பருத்திக்குள் நின்றிருந்த அண்ணனைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணே! வரப்புக்கு என்னண்ணே பண்ணுனீங்க?"

அவர் கிட்டே வந்தார். "களைக்கொல்லி அடிச்சேன் தங்கச்சி. அன்னைக்குக் காலைல நீ வந்தேல்ல, அதுக்கு மொத நாப் பொழுது சாய அடிச்சது. 'மருந்து அடிச்சிருக்கு, ஆட்டுக்குப் புல்லு கில்லு அறுத்துராத'ன்னு எம்புட்டு நேரம் கத்துனேன்? நீ திரும்பிக்கூடப் பாக்கல. இன்னும் கோவம் தீரலபோலன்னு நானும் விட்டுட்டேன்."

"அய்யோ அண்ணே, ஆட்டுக்கு இல்லண்ணே" என்று ஆரம்பித்தவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லி முடித்தபோது அவர் முகமும் செத்துப்போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் களைக்கொல்லி என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊரில் ஒருவர் தெரியாமல் குடித்துவிட்டு, நாலு நாள் நன்றாக நடமாடி, டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டு, ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தார். நான் விரல் விட்டு எண்ணினேன். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள். அன்றைக்குத்தான் கேசரி கிண்டினேன்.

அவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடற்கரைப் பக்கம் சில இடங்களில் டவர் கிடைக்காது. தெரியும், இருந்தாலும் போட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணன் ஓடிப்போய் மருந்து டப்பாவை எடுத்து வந்தார். "டாக்டர் கேப்பாக, கையில வச்சுக்க" என்று என்னை வண்டியில் ஏற்றி, பஸ் நிறுத்தம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். ரோட்டில் நின்று மறுபடியும் போட்டேன். எத்தனையாவது தடவையோ, மணி அடித்தது.

"என்னடி, லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"மச்சான், வயிறு எப்பிடி இருக்கு?"

"இதக் கேக்கவா போன் போட்ட? லேசா எரியுது. காலைல ஒண்ணும் திங்கலல்ல."

எரிகிறது என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. "பெட்டிய எறக்கிப் போட்டுட்டு நேரா கமுதி ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"ஐஸ் கரைஞ்சு மீனு கெட்டுப் போகும்டி."

"மீனு கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்! நான் உங்களுக்கு வெசத்தக் குடுத்துட்டேன் மச்சான்!" என்று அலறினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் நான் போய் நின்ற ஒரு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே பெரிய நேரம். சேலைக் கரையில் நாயுருவி விதைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். அவர் மீன் பெட்டிகளோடுதான் வந்தார். வண்டியின் பின்னாலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

உள்ளே அந்தப் பெண் டாக்டர்தான் இருந்தார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். எத்தனை வேளை, எவ்வளவு வேர், கழுவினீர்களா, வாந்தி வந்ததா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று நிதானமாகக் கேட்டார். "இதுவும் களைக்கொல்லிதான், ஆனா நீங்க பயப்படுற அந்த வகை இல்ல. வேருல ஏறுனதும் கொஞ்சமாத்தான் இருக்கும். இருந்தாலும் ரெண்டு நாள் இங்கயே வச்சுப் பாக்கணும், கிட்னிக்கு டெஸ்ட் எடுக்கணும்" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"எதுக்காக அந்த வேரைக் குடிச்சீங்க?"

"மூலத்துக்கும்மா, ரத்தம் போகுது" என்றேன் நான்.

"எத்தனை நாளா?"

"பத்து நாளா" என்று அதற்கும் நானே சொன்னேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு மாசம்" என்றார்.

கைலி. அந்தக் கணத்தில்தான் எனக்குக் கைலி ஞாபகம் வந்தது. குழாயடியில் நான் அடித்த தம்பட்டமெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. விஷம் வைத்தவள் போலக் கூனிக் குறுகி நின்றிருந்த எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "எட்டு மாசமா? எட்டு மாசமா என் கண்ணு முன்னாடி அலசிக் கொடியில போட்டீங்களே, பாவி மனுசா!" என்று அங்கேயே கத்திவிட்டேன். டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அவரை வழிக்குக் கொண்டுவர டாக்டருக்கும் அந்தக் கோபம் தேவைப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு நாளில் டெஸ்ட் எல்லாம் நல்லபடியாக வந்தது. வேரின் விஷம் அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று பையை எடுத்தார். டாக்டர் விடவில்லை, பரிசோதிக்காமல் அனுப்ப மாட்டேன் என்றார். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றார். நான் பக்கத்தில் போய்க் குனிந்து சொன்னேன். "என் கையால வெசத்தக்கூட வாங்கிக் குடிச்சீங்க. இந்தப் புள்ளகிட்ட அஞ்சு நிமிசம் காட்டுறதுக்கு வெக்கமா இருக்கா?" எழுந்து போனார்.

திரை விலக்கி வந்த டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "மூலம் இல்லம்மா. உள்ள ஒரு கட்டி தட்டுப்படுது. நாளைக்கே மதுரைக்குப் போங்க" என்றார்.

மதுரையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். கெட்ட கட்டிதான். ஆனால் குடலைத் தாண்டவில்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டி வருகிறோம். போகும்போதெல்லாம் ரிப்போர்ட் வாங்கும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒரு தடவை கமுதி டாக்டரைப் பார்த்தபோது, நாலு நாள் கஷாயத்தில் ரத்தம் குறைந்தது என்று இவர் சொன்னாரே, அது உண்மையா என்று கேட்டேன். "கொறஞ்சிருந்தாலும் கொறஞ்சிருக்கும். முழுசா நின்னுருந்தா நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க" என்றார். அந்த ஒரு சொல் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அந்த நாலு நாளிலேயே நின்றும் போயிருந்தால், இரண்டாவது செடிக்காக வரப்புக்கே போகாமல் நான் தெருவெல்லாம் நாயுருவியின் புகழ் பாடிக்கொண்டு இருந்திருப்பேன். அவர் உள்ளுக்குள் அரித்துப் போய்க்கொண்டு இருந்திருப்பார்.

பருத்திக்கார அண்ணன் இப்போது மருந்து அடிப்பதற்கு முன்னால் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போகிறார். கொல்லையில் யார் கூப்பிட்டாலும் நானும் நின்று திரும்பி, என்னவென்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறேன்.

காலையில் ஒரு வேலை கூடியிருக்கிறது. அவர் கக்கூஸுக்குள் போனதும் அடுப்படியிலிருந்து ஓங்கிக் கேட்பேன். "மச்சான், உண்டா?" உள்ளேயிருந்து அவர், "இல்லடி, இல்ல!" என்பார். தெருவுக்கே கேட்கும். கேட்கட்டும். எட்டு மாதம் மூச்சுவிடாமல் இருந்த மனுஷன் இப்போது ஊரறிய ஒப்பிக்கிறார்.

போன வாரம் ஒரு நாள் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கையிலிருந்த அகப்பையோடு போய்க் கதவருகே நின்றேன். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம்கூட இல்லை. "மச்சான்!" என்று கதவைத் தட்டினேன்.

"இருடி" என்றார். "கண்ணாடி போடாம வந்துட்டேன். நல்லாக் குனிஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல. இன்னைக்கும் இல்ல."

அடுப்படிக்குத் திரும்பி வந்தேன். குழம்பு அடிப்பிடித்திருந்தது. கையிலிருந்த அகப்பையால் அடியைச் சுரண்ட ஆரம்பித்தேன்.