அங்குலம் கட்டிய மரவீடு

பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வரைபடம் போடுகிறவளுக்கு 'அங்குலம்' என்று யார் பெயர் வைத்தார்கள் என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. உட்காருகிறவர்களின் முழங்கால் முன் சீட்டில் இடிக்கக் கூடாது என்று, ஒரே ஓர் அங்குலத்துக்காக முதலாளியோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் அவள். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். கணக்கு வாத்தியாரான அவள் கணவன், கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவான்.

விடுமுறைக்கு எங்கே போனாலும் அவளுக்கு நிம்மதி கிடையாது. குளியலறைக் கதவு கட்டிலில் இடிக்கிறது, அலமாரியைத் திறந்தால் நடக்க வழியில்லை என்று, தங்கும் அறையைத் திட்டியே லீவு தீர்ந்துவிடும்.

"அப்ப நீயே ஒண்ணு கட்டேன்! எங்க அப்பா விட்டுட்டுப் போன நிலம் காட்டுக்குள்ள சும்மாதானே கிடக்கு" என்றான் கணவன். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே பென்சிலைச் சீவிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், தான் கட்டப்போகும் மரவீட்டை முழு அளவில் சாக்பீஸால் வரைந்தாள். ஓர் அறை, சுவரோடு ஒட்டி மேலும் கீழுமாகப் படுக்கைகள், மூலையில் அடுப்பு மேடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் குடும்பமே அந்தக் கோடுகளுக்குள் வாழ்ந்து பார்த்தது. இல்லாத அடுப்பில் மகள் தேநீர் போட்டாள். கணவன் படுக்கைக் கோட்டுக்குள் கையைக் காலை நீட்டிப் படுத்துவிட்டான்.

காவலாளி பதறிப்போய் ஓடி வந்தார். "சார், உடம்பு சரியில்லையா?"

"தூங்குறேங்க. போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

அவரும் காற்றில் ஒரு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அப்போதுதான் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தான். ஊரில் பாதி மாடிவீடுகள் அவன் கட்டியவை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். "ஏம்மா, இது வீடா தீப்பெட்டியா?"

"அண்ணா, நீ செவுத்து மேல நிக்கிற. முதல்ல இறங்கு."

அவன் சட்டென்று இறங்கினான். பிறகு தன்னையே நினைத்துச் சிரித்துக்கொண்டான். "ரெண்டு ரூமாவது போடும்மா. நாலு பேர் வந்தா எங்க படுப்பாங்க?"

"நாலு பேர் வரக் கூடாதுன்னுதான் இவ்வளவு சின்னதா போட்டிருக்கேன்."

பட்டறையின் ஓய்வு நாட்களில் சுவர்களைப் பலகை பலகையாக அவளே செய்து முடித்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆணியே கிடையாது, எல்லாம் போல்ட்டும் நட்டும்தான். லாரி காட்டுப்பாதையின் கடைசி வளைவில் நின்றுவிட்டது. அங்கிருந்து அண்ணனும் அவன் ஆட்களும் கணவனும் மகளும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். தூண்களும் கூரையும் முதலில் எழுந்தன. பிறகு சுவர்கள் மளமளவென்று பொருந்திக்கொண்டன. கதவை ஓடையைப் பார்த்து வைத்திருந்தாள். கண் விழித்ததும் தண்ணீர் தெரிய வேண்டும் என்பது அவள் ஆசை.

எல்லோரும் உள்ளே உட்கார்ந்து, அங்கே கொதித்த முதல் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடைப் பக்கமிருந்து வந்த காற்று சாரலை அள்ளிக்கொண்டு நேரே கதவு வழியாக நுழைந்தது. கதவைச் சாத்தினால் கீழ்ச்சந்தில் தண்ணீர் பீறிட்டது. கொஞ்ச நேரத்தில் கீழ்ப்படுக்கை தொப்பலாகிவிட்டது.

அண்ணன் தேநீரைக் குடித்து முடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பஸ்ஸுக்கு இதெல்லாம் நீ யோசிக்க வேண்டியதில்லம்மா. அது ஓடிட்டே இருக்கும். வீடு நின்ன இடத்துலயே நின்னு எல்லா மழையையும் வாங்கணும். இங்க காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அங்குலம் அங்குலமாக உள்ளே அளந்தவள் வெளியே அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்குச் சுருக்கென்று தைத்தது; முகம் சிவந்தது.

"பரவால்ல விடு. வாசலுக்கு முன்னாடி கூரையை இழுத்துவிட்டுடலாம்" என்றான் அண்ணன்.

அவள் நனைந்த தரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிவந்த முகம் மெல்லத் தெளிந்தது.

"வேணாம். இருட்டாயிடும். கழட்டிடலாம்."

"எதை?"

"முன் செவுரையும் பின் செவுரையும். ரெண்டும் ஒரே அளவு. கூரை தூண் மேலதான நிக்குது, அதைத் தொட வேண்டாம். கதவு பின்னால இருக்கிற பாறைப் பக்கம் போகட்டும், அங்க காத்து வராது."

"இன்னைக்குத்தானே மாட்டினோம்!" என்று கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் அதற்குள் ஸ்பேனரைத் தேடத் தொடங்கியிருந்தாள்.

மழை விட்டதும் வேலை தொடங்கியது. இருட்டுவதற்குள் சுவர்கள் இடம் மாறிவிட்டன. ஆனால் ஓடைப் பக்கம் இப்போது வெறும் பலகையாகிவிட்டது, தண்ணீர் தெரியவில்லை. அடுத்த வாரம் பட்டறையிலிருந்து பஸ்ஸின் முன்கண்ணாடி ஒன்றைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தாள். பலகையில் அதே வளைவுக்கு வெட்டி, பஸ்ஸில் பொருத்துவதுபோலவே சுற்றிலும் ரப்பர் கொடுத்து மாட்டினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. படுத்தபடியே ஓடை முழுசாகத் தெரிந்தது.

அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினான். "வைப்பர் எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் வெளியே பார்த்தபடி இருந்தான். "எனக்கும் ஒண்ணு போட்டுத் தா. படுக்கை மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும், என் கால் வெளிய தொங்கும்."

"காத்துப் பக்கத்தை நீ பாத்துச் சொல்லு. உள்ள நான் பாத்துக்கறேன்."

இன்று அந்தக் காட்டுப் பக்கம் அவர்கள் இருவரும் சேர்ந்து கட்டிய மரவீடுகள் அங்கங்கே இருக்கின்றன. பட்டறை வேலையை அவள் விடவில்லை. ஆனால் நீண்ட விடுமுறை வந்தால் அவளைப் பிடிக்க முடியாது. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறவள், தன் மரவீட்டுக்குப் போனால் வெயில் முகத்தில் அடித்தும் புரண்டு படுப்பாள். மேல்படுக்கையிலிருந்து கணவன் எட்டிப் பார்ப்பான். பிறகு சத்தம் வராமல் இறங்கிப்போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பான்.