பேச்சுச் சோதனை

கோப்பாயில் நான் ஜேர்மன் மொழி படிப்பிக்கும் வகுப்புக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் புதுப் பெண்சாதிகள். கணவன்மார் ஜேர்மனியில், மொழிச் சோதனை பாஸ் பண்ணினால்தான் இவர்களுக்கு விசா. இலக்கணத்தைக் கரைத்துக் குடித்திருப்பார்கள், பேசச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை. எனக்கோ மூக்கு நுனியில் கோபம்; அதட்டினால் இன்னும் பயந்துவிடுவார்கள். அதனால் கதை வாசிக்க வைப்பேன். பாதியில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று கேட்பேன். மறுமொழி ஜேர்மனில்தான் வரவேண்டும்.

ஒருத்தி மட்டும் வாயே திறப்பதில்லை. எழுத்தில் கெட்டிக்காரி; பேச்சுச் சோதனையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். இந்த முறையும் தவறினால் என்ன செய்வதென்று அவளுடைய மாமியார் எனக்கே போன் எடுத்துக் கேட்டுவிட்டார்.

அன்றைய கதையில் ஒரு பெண் ரயிலைத் தவறவிட்டு, பனி கொட்டும் ஸ்டேஷனில் தனியே இருக்கிறாள். ஒரு கிழவி வந்து பக்கத்தில் உட்காருகிறாள். அங்கே நிறுத்தினேன். புத்தகத்தில் அந்தக் கிழவி ஒரு வார்த்தை பேசாமல் பேப்பர் வாசிப்பாள். எங்கள் ஆட்கள் விடுவார்களா?

"எந்த ஊர் எண்டு கேப்பா!" என்றாள் ஒருத்தி.

"ஆரின்ரை மகள் எண்டும் கேப்பா!" என்றாள் இன்னொருத்தி.

"ஜேர்மனிலை சொல்லுங்கோ பிள்ளையள்!" என்று மேசையில் தட்டினேன்.

கடைசி வரிசை வாங்கிலிருந்து அந்த வாய் திறவாதவள் எழுந்தாள். கிழவியாகவே மாறிவிட்டாள். எந்த ஊர், யாருடைய மகள், சாப்பிட்டாயா, இந்தக் குளிரில் ஏன் தனியே இருக்கிறாய், உன்னைக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லையா... பிழையும் சரியுமாக, எல்லாம் ஜேர்மனில். கடைசியில் இருவரும் தூரத்துச் சொந்தமென்று கண்டுபிடித்து, அந்தப் பெண்ணைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! மிச்சக் கதையை நான் வாசிக்கவேயில்லை.

அந்தத் துணிச்சலோடுதான் கொழும்புக்குப் போய்ச் சோதனை எடுத்தாள். பாஸ். மாமியார் லட்டுப் பெட்டியோடு அவளையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

"இனி விசாதான் ரீச்சர். மகன் அங்கை வீடும் பாத்திட்டான்," என்று அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு.

அவர் மற்றவர்களுக்கு லட்டுக் கொடுக்கப் போனதும் அவள் என் கையைப் பிடித்தாள்.

"ரீச்சர், பெயிலானபடியாத்தான் இவ்வளவு நாளும் என்ரை அம்மாவோடை இருந்தனான். இனி ஜேர்மனிக்குப் போகமாட்டன் எண்டு சொல்ல என்னட்டை ஒரு சாக்கும் இல்லை."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மாமியார் இன்னும் லட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.