ஆலைத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மாதா கொடுத்த கொட்டகை

மாதாவின் பிள்ளைகளே, என் குழந்தைக்கு என் கையாலேயே அபின் கொடுத்தவள் நான். முதலில் அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

1934-ஆம் வருஷம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். என் புருஷன் வேலை தேடிச் சைகோனுக்குக் கப்பலேறியவர். அவரிடமிருந்து காகிதம் வருவது நின்றுபோயிருந்தது. நான் பஞ்சாலையில் நூல் சுற்றப் போனேன். விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும். பொழுது சாய்ந்துதான் வீடு. கைப்பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். என் செசிலிக்கு அப்போது பத்து மாசம். மற்ற தாய்மார் செய்ததையே நானும் செய்தேன். கடுகளவு அபினைப் பாலில் கரைத்துப் புகட்டி, தூளியில் போட்டுவிட்டுப் போவேன். மூத்தவள் மதலேன் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை குழந்தை தூங்கும்.

தவக்காலத்தில் ஒரு நாள் மதலேன் ஆலைக் கதவுக்கு ஓடி வந்தாள். "அம்மா, பாப்பா எழுந்திருக்க மாட்டேங்குது" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உதடு நீலம் பாரித்திருந்தது. மறுநாள்தான் கண் திறந்தாள். அங்கிருந்த நர்சம்மா என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ குடுத்தின்னா இங்க தூக்கினு வராத, நேரா கல்லறைக்குத் தூக்கினு போ" என்றாள்.

அபினை நிறுத்தினேன். ஏழு வயசு மதலேனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் குழந்தைக்குக் காவல் வைத்தேன். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்தேன். ஒன்பது சனிக்கிழமை மாதா பீடத்தில் முழந்தாளிட்டு, எங்கள் பிள்ளைகளை விட ஓர் இடம் கேட்பதாக நேர்ந்துகொண்டேன்.

சும்மா உட்கார்ந்தும் கேட்கவில்லை. ஆலை மேஸ்திரியிடம் போனேன். "நூல் சுத்த வந்தியா, தொட்டில் ஆட்ட வந்தியா?" என்றான். மேரி என்கிற நகர மன்றத்துக்குப் போனேன். பிரெஞ்சில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒருவரைப் பிடித்து எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. பங்குச் சாமியாரிடம் போனேன்.

"மடத்துல அனாதைங்களுக்குத்தான் இடம். உன் புள்ளைக்குத்தான் நீ இருக்கியே" என்றார்.

"அப்ப நான் செத்தாத்தான் என் புள்ளைக்கு இடமா, சாமி?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டு அஞ்சலை என்னோடு ஆலையில் நின்றவள். இந்துப் பெண். ஆறு மாசத்துப் பையன் அவளுக்கு. அபின் எவ்வளவு கொடுக்கணும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். என் பிள்ளை பிழைத்து வந்ததும் அவளிடம் ஓடிப்போய், "நிறுத்திடு அஞ்சல" என்று கெஞ்சினேன்.

"நிறுத்திட்டு யாராண்ட உடறது? உனக்கு மதலேன் இருக்குது, எனக்கு யாரு?" என்றாள்.

என் நேர்த்தியின் ஆறாவது வாரம் அந்தப் பையன் தூளியிலேயே இறந்துபோனான்.

அந்தச் சனிக்கிழமை நான் செபம் சொல்லவில்லை. சண்டை போட்டேன். "உன் பிள்ளைய நீ மடியில வச்சிருக்கிற. நாங்க எங்க வைக்கிறது?" என்று மாதாவின் சுரூபத்தைப் பார்த்துக் கேட்டேன். மிச்ச வாரங்களுக்கும் பக்தியால் போகவில்லை, வீம்பால்தான் போனேன்.

ஒன்பதாவது சனிக்கிழமை வெளியே வந்தபோது கோயில் வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"ஆலைக்கு இனிமே போமாட்டேன் லூர்து. அந்தச் சங்கு சத்தமே கேக்க முடியல. உன் புள்ளைய என்னாண்ட உடு. நான் பாத்துக்கறேன். மதலேனப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு."

எனக்குப் பயமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் மடியில், அதற்குக் காரணமானவளின் பிள்ளையா? "என்மேல உனக்குக் கோவம் இல்லியா?" என்றேன். "இருக்குது. புள்ளைமேல இல்ல" என்றாள்.

திங்கட்கிழமை செசிலியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஆலைக்குப் போனேன். அந்த மாசத்துக்குள் ஐந்து குழந்தைகள் சேர்ந்துவிட்டன. அவரவர் வீட்டு அரிசியில் ஒரு பங்கு அஞ்சலைக்கு. அவளுடைய ஒற்றை அறையில் பிள்ளைகள் நெருக்கியடித்துக் கிடந்ததைச் சாமியாரே ஒரு நாள் வந்து பார்த்தார். மறுநாள், கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தரும் ஞானோபதேசக் கொட்டகையின் சாவியைக் கொடுத்தனுப்பினார்.

இன்றைக்கு அங்கே பதினாலு பிள்ளைகள். மதலேன் படிக்கிறாள். செசிலி ஓடி விளையாடுகிறாள். சர்வேசுரனுக்குத் தோத்திரம். ஆனாலும் ஆலைக் கதவு கைப்பிள்ளைகளுக்கு அப்படியே மூடித்தான் இருக்கிறது. நகர மன்றத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பையன் ஏன் போகவேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மாதாவிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோபத்தோடு போனவளுக்கும் அவள் செவிகொடுத்தாள். அதனால் சொல்கிறேன்: உங்களில் யாருக்காவது நாளைக் காலையில் பிள்ளையை விட இடமில்லை என்றால், அபினைத் தொடாதீர்கள். அழுதோ திட்டியோ மாதாவிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வாருங்கள். சங்கு ஊதுமுன்பே அஞ்சலை கதவைத் திறந்துவைத்திருப்பாள்.