கடைசிக்கு வேணும்

பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயர் பூட்டு. உதிரிபாக ஸ்டோர் அவள் பொறுப்பு. பிரேக் லைனிங் கேட்டு வரும் மெக்கானிக்கிடம் பழசைக் கொண்டுவந்து காட்டச் சொல்வாள். காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாள் ஓடும் போலிருக்கே" என்பாள். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். முகத்துக்கு நேராகவும் பேசுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படிப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தாள். தம்பிக்குக் கப்பலில் என்ஜின் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று வாரம் அக்கா வீட்டில் தங்குவான். அன்று நாலு மணிக்கு அவனுக்கு வண்டி வருகிறது. அதற்குள் கொம்பு மாமாவைக் கொன்றாக வேண்டும்.

கொம்பு மாமா ஒரு ஜப்பான் டிவி கேமின் கடைசி ராட்சசன். அவளுக்குப் பதினேழும் தம்பிக்குப் பன்னிரண்டும் ஆனபோது சித்தப்பா எங்கிருந்தோ வாங்கி வந்த பெட்டி, ஒரே ஒரு கேசட். எல்லாம் ஜப்பான் எழுத்து. ஓர் எழுத்தும் தெரியாமல், மேலிருந்து மூன்றாவது வரி மருந்து, ஐந்தாவது வரி ஓட்டம் என்று இடத்தை வைத்தே மனப்பாடம் செய்து ஆடினார்கள். எல்லாவற்றையும் குணமாக்கும் நீலக் குப்பிக்கு அமிர்தம் என்று அவர்களே பெயர் வைத்தார்கள். கடைசி வரை போய், கொம்பு மாமாவிடம் மூன்று தடவை செத்தார்கள். அப்புறம் அவள் வேலைக்குப் போனாள், அவன் விடுதிக்குப் போனான். இருபத்தைந்து வருஷமாக மாமா உயிரோடு இருக்கிறார்.

பரணிலிருந்து பெட்டியை இறக்கியவள் அவள்தான். பழைய ஆட்டம் அழிந்துபோயிருந்தது, முதலிலிருந்து தொடங்கினார்கள். இப்போது ஆடினாலும் நன்றாகத்தான் இருக்கும் என்று அவள் போனில் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆமாம் என்று கேட்டுவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

அவனோ மூன்று வாரமும் முணுமுணுத்தான்.

"நாலடி நடந்தா ஒரு சண்டை. எங்க போகணும்னு ஒரு பயலும் சொல்ல மாட்டேங்கறான். சேவ் பண்ணக்கூட கிணத்துக்குத்தான் வரணும். எப்படிக்கா பொறுமையா ஆடினோம் இதை?"

"வாயை மூடிட்டு ஆடுடா."

அவளுக்கும் எரிச்சல்தான். அதே நத்தைகள், அதே நடை. ஆனால் அதை அவனிடம் ஒத்துக்கொள்வதற்கு அவள் என்ன பைத்தியமா?

பழைய ஏற்பாடுதான். அவன் சண்டை, அவள் மருந்துப் பை. வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு மாமாவின் எதிரில் நின்றார்கள். பாதிச் சண்டையில் கதாநாயகனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அமிர்தம் குடேன்கா."

"வேணாம், சிவப்பு மருந்தே போதும். அது கடைசிக்கு வேணும்."

அடுத்த அடியில் எல்லோரும் செத்தார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆட்டம் கிணற்றடிக்கே வந்து நின்றது. அங்கிருந்து மாமாவிடம் போகவே அரைமணி நேரம் ஆகும்.

தம்பி அவளுடைய மருந்துப் பையைத் திறந்தான். இந்த மூன்று வாரத்தில் அதை அவன் திறந்தது அப்போதுதான். எழுத்து புரியாவிட்டாலும் எண் புரியுமே. நீலக் குப்பிக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணா?" அவன் குரல் கிறீச்சிட்டது. "இத்தனையும் வெச்சுக்கிட்டா செத்தோம்?"

"கடைசிக்கு வேணுமில்ல?"

"இதுதாங்கா கடைசி! இதுக்கப்புறம் ஆட்டத்துல என்ன இருக்கு?"

அவள் அந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள்.

"அப்பவும் இப்படித்தான் செத்தமா? மூணு தடவையும்?"

அவன் கன்ட்ரோலரைக் கட்டிலில் போட்டான். "இந்தக் காலத்துல உக்காந்து ஆடற ஆட்டமே இல்லக்கா இது. மூணு வாரம் வேஸ்ட்."

வெந்த புண்ணில் வேல். பயணப் பெட்டியை அவனே பூட்டினான், அவள் உதவவில்லை. மூன்றே முக்காலுக்கே வண்டி வந்துவிட்டது. "வரேன்கா" என்றான். "ம்" என்றாள். இரண்டு வருஷத்துக்கு ஓர் எழுத்து.

கதவைச் சாத்திவிட்டு வந்து, கோபம் தாங்காமல் கன்ட்ரோலரை எடுத்தாள். வழியில் வந்த நத்தை லேசாக உரசியதற்கு ஓர் அமிர்தம். வௌவால் கடித்ததற்கு ஒன்று. இந்தா, குடி, எல்லாத்தையும் குடிச்சுத் தொலை! மாமாவிடமும் கணக்குப் பார்க்காமல் ஊற்றினாள். சண்டை தொடங்கிய பதினோரு நிமிஷத்தில் மாமா முழங்காலிட்டார். பையில் இன்னும் பத்தொன்பது மிச்சம். இவ்வளவு சுலபமா? இருபத்தைந்து வருஷமாக இவ்வளவு சுலபமாகவா இருந்தது? அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. திரையில் புரியாத எழுத்து வரிவரியாக மேலே போயிற்று. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையணையில் அவன் சாய்ந்திருந்த பள்ளம் இருந்தது.

படம் ஒன்று வந்து அப்படியே நின்றுவிட்டது. எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. அணைத்து மறுபடியும் போட்டாள். கிணற்றடியில் சேவ் செய்ததற்குப் பிறகு நடந்தது எதுவும் கேசட்டுக்குத் தெரியாது. மறுபடியும் கிணற்றடி, பையில் நாற்பத்தொன்று, மாமா அரண்மனையில் பத்திரம்.

போன் அடித்தது.

"அக்கா. வண்டியிலதான் இருக்கேன். கோவமா?"

"இல்ல."

"அந்த கேம் போர்தான், அதுல மாத்தமில்ல. ஆனா ஒண்ணு..." அவன் தொண்டையைச் செருமினான். "நீ தனியா ஆடி முடிச்சிடாத, என்ன? அடுத்த லீவுல வந்து ரெண்டு பேரும் சேர்ந்து முடிப்போம்."

அவள் திரையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்கடா முடிக்கப் போறேன்" என்றாள். "அப்படியே வெச்சிருக்கேன். வா."